நீதிமன்றத்தில் உண்மையும் நியாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழக்காடுபவர்கள், சாட்சி சொல்லப் போகிறவர்கள், தீர்ப்புச் செய்தியைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இங்கே சொல்லியிருப்பவை பெரும்பாலும் எங்கும் பொருந்துபவை. ஒரு நாட்டுக்கு மட்டும் உரியது வரும்போது அந்த நாட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறோம்.

அவன்தான் செய்தான் என்று ஊருக்கே தெரியும். நீதிமன்றம் மட்டும் ஏன் விடுதலை செய்கிறது?

விடுதலைத் தீர்ப்புக்கு "இவர் செய்யவில்லை" என்று பொருள் இல்லை. "இவர்தான் செய்தார் என்று அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை" என்றுதான் பொருள். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது. 1935-ல் வுல்மிங்டன் வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, குற்றவியல் சட்டம் முழுக்க ஓடும் பொன்னிழை என்று இந்தக் கொள்கையை வர்ணித்தது. 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 11-ம் பிரிவும் இதையே சொல்கிறது.

"ஊருக்கே தெரியும்" என்கிறோமே, எங்கிருந்து தெரிந்தது? பெரும்பாலும் கைதான அன்று வந்த செய்தியிலிருந்து. அந்தச் செய்தியை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. வழக்கு உடைவதோ வேறு இடங்களில். பறிமுதல் செய்த பொருள் யார் யார் கைமாறி ஆய்வகத்துக்குப் போனது என்ற பதிவில் 2 நாள் விட்டுப்போயிருக்கும். அடையாளம் காட்டுவதற்கு முன்பே சாட்சி அந்த முகத்தைச் செய்தியில் பார்த்திருப்பார். முதல் வாக்குமூலத்தில் இல்லாத பெயர் மூன்றாவதில் முளைத்திருக்கும். இவற்றையெல்லாம் சட்டத்தின் ஓட்டை என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை புலனாய்வின் ஓட்டைகள். நீதிபதி மீது கோபப்பட்டால் இவை அடைபடாது.

ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிட 10 குற்றவாளிகள் தப்புவது மேல் என்று 1760-களில் எழுதினார் ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன். இதை இரக்கப் பேச்சாக மட்டும் பார்ப்பது தவறு. தவறான ஆள் உள்ளே போனால் சரியான ஆள் வெளியே இருக்கிறார், அவரை இனி யாரும் தேடவும் மாட்டார்கள். ஒரே தீர்ப்பில் இரண்டு தவறுகள் நடந்துவிடுகின்றன.

ஒரே சம்பவத்தில் ஒரு நீதிமன்றம் விடுவிக்கிறது, இன்னொன்று பொறுப்பாளி என்கிறது. இரண்டில் எது உண்மை?

இரண்டும் ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள் அல்ல. அமெரிக்காவில் முன்னாள் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன், தன் முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றார் என்ற குற்றச்சாட்டிலிருந்து 1995 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். 1997 பிப்ரவரியில், அதே மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்று உரிமையியல் நீதிமன்றத்தின் ஜூரி சொன்னது. மொத்த இழப்பீடு 3.35 கோடி டாலர். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகம் எஞ்சக் கூடாது. உரிமையியல் வழக்கில் தராசு ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். பறிபோவது சுதந்திரமா பணமா என்பதைப் பொறுத்து, தேவைப்படும் நிரூபணத்தின் கனமும் மாறுகிறது. இரண்டு வழக்குகளிலும் முன்வைக்கப்பட்ட சாட்சியங்களும் முழுக்க ஒன்றாக இல்லை.

அப்படியானால் நீதிமன்றம் உண்மையைத் தேடுகிறதா இல்லையா?

தேடுகிறது, வேலிக்குள் நின்று. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இரு தரப்பும் மோதும், நீதிபதி நடுவராக இருப்பார். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் நீதிபதியே கோப்பைப் படித்துவிட்டு வந்து சாட்சியைக் கேள்வி கேட்பார். முதல் முறையில் ஒரு தரப்பின் வழக்கறிஞர் சோம்பேறியாக இருந்தால் உண்மையின் ஒரு பாதி மேசைக்கே வராமல் போகலாம். இரண்டாவதில், கோப்பைப் படித்தபோதே நீதிபதியின் மனதில் ஒரு கதை உருவாகிவிட்டால் அதற்கு மாறானது காதில் ஏறாமல் போகலாம்.

வேலிகள் வேண்டுமென்றே போடப்பட்டவை. அடித்து வாங்கிய வாக்குமூலம் உண்மையாகவே இருந்தாலும் அதை ஏற்கக் கூடாது. ஏற்றால் அடுத்த ஆளும் அடிபடுவார். வழக்கறிஞரிடம் ஒருவர் சொன்ன ரகசியத்தைத் தோண்டி எடுக்கக் கூடாது. சில வேலிகள் உண்மைக்கு வழிவிடவே இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சாட்சியத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல் பிரேடி வழக்கில் சொன்னது அப்படிப்பட்டது. நிரபராதிகள் தண்டிக்கப்பட்ட வழக்குகளைப் பின்னால் திறந்து பார்க்கும்போது, இப்படி மறைக்கப்பட்ட தாள் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

நேரில் பார்த்தவர் சொல்கிறார். அவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்?

பொய் சொல்லாமலே தவறாகச் சொல்ல முடியும். இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டப்பட்டது. 50 பேரிடம் கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முதல் குழுவில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இரண்டாவதில் 7 பேர், மூன்றாவதில் 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் மாறியது ஒரே ஒரு சொல். அது ஒரு வாரத்தில் பலரின் நினைவுக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிவிட்டது. விசாரணை அறையில் ஒரு சாட்சியிடம் எத்தனை முறை, எத்தனை விதமாகக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் தண்டனை பெற்ற பிறகு மரபணுச் சோதனையால் நிரபராதி என்று தெரியவந்தவர்கள் 350 பேருக்கு மேல். அந்த வழக்குகளில் 10-க்கு ஏறத்தாழ 7-ல் தவறான அடையாளம் காட்டுதல் இருந்தது. அந்தச் சாட்சிகளில் பெரும்பாலோர் மனதறிந்து பொய் சொன்னவர்கள் அல்ல.

அடையாள அணிவகுப்பைச் சரியாக நடத்தினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். சந்தேக நபருடன் குறைந்தது 5 பேராவது நிற்க வேண்டும், அவர்கள் சாட்சி முதலில் சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். தாடிக்காரர் என்று சாட்சி சொல்லியிருக்க, வரிசையில் ஒருவருக்கு மட்டும் தாடி இருந்தால் அது அணிவகுப்பே அல்ல. நடத்தும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் பார்வையே காட்டிக்கொடுத்துவிடும். "அந்த ஆள் இங்கே இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இருப்பவர்களில் கொஞ்சம் ஒத்துப்போகிறவரைக் காட்டிவிடுவார்கள். காட்டிய அந்த நொடியிலேயே எவ்வளவு உறுதி என்று கேட்டு, அவர் வாயால் சொன்னபடியே எழுத வேண்டும். முழுவதையும் வீடியோவில் பதிய வேண்டும். ஒரே சாட்சிக்கு ஒரே சந்தேக நபரை இரண்டாம் முறை காட்டக் கூடாது, ஏனென்றால் அப்போது தெரிந்த முகமாகிவிடும்.

அடிக்கடி கெட்டுப்போவது உறுதி பற்றிய பதிவுதான். அன்று "இவராக இருக்கலாம்" என்றவரிடம், "சரியாகச் சொன்னீர்கள்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். பல மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அவர் "நூற்றுக்கு நூறு இவர்தான்" என்பார், மனதாரச் சொல்வார். நீதிமன்றம் பார்க்க வேண்டியது முதல் நாள் உறுதியை.

முகத்தைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடுமே?

தெரியாது. சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-ல் இந்தத் துறையின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளில் சராசரியாகச் சரியானவை 54 விழுக்காடு. நாணயம் சுண்டினாலே 50 வரும். கண்ணைத் தாழ்த்துவது, வியர்ப்பது, திக்குவது எல்லாம் பயத்தின் அறிகுறிகள். முதல் முறை நீதிமன்றம் வந்த எவருக்கும் பயம் இருக்கும்.

செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்கிறார்கள். மேலே சொன்ன மரபணு விடுதலைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பொய்யான ஒப்புதல் இருந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில் 1989-ல் கைதாகித் தண்டனை பெற்ற 14 முதல் 16 வயதுள்ள ஐந்து சிறுவர்களில் நால்வரின் ஒப்புதல் வீடியோவிலேயே இருந்தது. 2002-ல் வேறொருவர் ஒப்புக்கொண்டு, மரபணுவும் அவருடையதே என்று உறுதியான பிறகு ஐவரின் தண்டனையும் ரத்தானது. மணிக்கணக்கான விசாரணை, தூக்கமின்மை, சிறு வயது, "சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்ற நம்பிக்கை ஆகியவை சேர்ந்தால் இது நடக்கும். அந்த வழக்கில் பதிவானது கடைசியில் சொன்ன ஒப்புதல் மட்டும், அதற்கு முந்தைய மணிநேரங்கள் பதிவாகவில்லை. விசாரணையை முதல் நிமிடத்திலிருந்து பதிய வேண்டும் என்று கேட்பது இதனால்தான். கூடவே, ஒப்புதலில் உள்ள விவரங்கள் அவருக்கு மட்டுமே தெரிந்தவையா, கேள்வி கேட்டவர் வாயிலிருந்து வந்தவையா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

வழக்கில் தோற்றவர் எப்படி "நியாயமாக நடந்தது" என்று சொல்வார்?

சொல்கிறார்கள், நாம் நினைப்பதைவிட அதிகமாக. ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் இருவரும் 1975 வாக்கில் ஆய்வுக்கூடச் சோதனைகளில் இதைக் கண்டார்கள். தன் தரப்பைத் தானே முன்வைக்க முடிந்தவர், முடிவு பாதகமாக வந்தாலும் நடைமுறையை நியாயம் என்றார். டாம் டைலர் இதை வீதிக்கு எடுத்துச் சென்றார். 1984-ல் சிகாகோவில் 1,575 பேரிடம் தொலைபேசியில் பேட்டி எடுத்து, அவர்களில் 804 பேரிடம் ஓராண்டு கழித்து மறுபடியும் கேட்டார். காவல்துறையையும் நீதிமன்றத்தையும் மதிப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்ததில், என்ன கிடைத்தது என்பதைவிட எப்படி நடத்தப்பட்டோம் என்பதே அதிகம் எடைபோட்டது.

அந்த "எப்படி" நான்கு பகுதிகளாகப் பிரியும்: பேச வாய்ப்பு, நடுநிலை, மரியாதை, தன் நலனில் அக்கறை இருக்கிறது என்ற நம்பிக்கை. நீதிமன்ற அறையில் இவை சின்னச் சின்னச் செயல்களாகத்தான் தெரியும். பெயரைச் சரியாக உச்சரிப்பது. இன்று என்ன நடக்கும், எதைப் பற்றி முடிவு வரும் என்று தொடக்கத்திலேயே சொல்வது. இடைமறிக்க நேர்ந்தால் ஏன் என்று சொல்லிவிட்டு இடைமறிப்பது. வாய்தா கொடுத்தால் காரணத்தையும் அடுத்த தேதியையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்வது. தீர்ப்பில் தோற்றவரின் வாதத்தை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஏற்கும்படி எடுத்து எழுதி, அதன் பிறகு ஏன் ஏற்கவில்லை என்று விளக்குவது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பத்தி போதும். அந்தப் பத்தி இல்லாத தீர்ப்பைக் கையில் வாங்குபவர், "நான் சொன்னதை அவர் படிக்கவே இல்லை" என்ற எண்ணத்தோடுதான் வெளியே போகிறார்.

அப்படியென்றால் கேட்பது போல் நடித்தாலே மக்கள் திருப்தியாகிவிடுவார்களா?

சங்கடமான கேள்வி. ஒரு முறை, ஆமாம். ஆலன் லிண்ட் குழுவினரின் 1990 ஆய்வில், முடிவை எடுத்துவிட்ட பிறகு கருத்துக் கேட்டபோதுகூட, கருத்தே கேட்கப்படாதவர்களைவிட, கேட்கப்பட்டவர்கள் அதை நியாயமாக உணர்ந்தார்கள். ஆகவே மக்கள் நியாயம் என்று உணர்வதை மட்டும் வைத்து ஒரு நீதிமன்றத்துக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது. விசாரணை அன்பாக நடந்து, முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கலாம். வெளித்தோற்றத்தோடு முடிவுகளையும் சரிபார்க்க வேண்டும்: ஒரே மாதிரியான வழக்குகளுக்கு ஒரே மாதிரியான தண்டனையா, மேல்முறையீட்டில் எத்தனை மாறுகின்றன, எந்தப் பிரிவினர் ஜாமீன் கிடைக்காமல் அதிக நாள் உள்ளே இருக்கிறார்கள்.

நீதிபதி நேர்மையானவர்தான். சிறு தொடர்பு இருந்தால் எதற்கு விலக வேண்டும்?

1923-ல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் மோட்டார்சைக்கிள் ஓட்டி ஒருவர் விபத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். நீதிபதிகள் தனியறைக்கு ஆலோசிக்கப் போனபோது நீதிமன்ற எழுத்தரும் உடன் போனார். அதே விபத்தில் அந்த ஓட்டியிடம் இழப்பீடு கேட்பவருக்காக வாதாடிய சட்ட அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பங்குதாரர். நீதிபதிகள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. இதை மேல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அதே ஆண்டில் தண்டனையை ரத்து செய்தது. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுவது ஐயமின்றிக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்று தலைமை நீதிபதி ஹிவர்ட் பிரபு சொன்னது இந்த வழக்கில்தான்.

வெளியே நிற்பவருக்கு மூடிய கதவு மட்டுமே தெரியும். உள்ளே என்ன பேசப்பட்டது என்று அவரால் சோதிக்க முடியாது. ஆகவே, விவரமறிந்த ஒரு சாதாரண மனிதருக்கு நியாயமாகச் சந்தேகம் எழுமா என்றுதான் பார்க்கிறார்கள். நீதிபதியின் மனசாட்சியை அளப்பதில்லை. உங்கள் வழக்கில் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தால் தெரிந்த உடனே, எழுத்தில், நாகரிகமாக ஆட்சேபியுங்கள். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து, பாதகமாக வந்த பிறகு கிளப்பினால் பெரும்பாலும் எடுபடாது.

பணக்காரருக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டமா?

எழுதப்பட்ட சட்டம் ஒன்றாக இருந்தும் ஏன் முடிவு சாய்கிறது என்பதை அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974-ல் விளக்கினார். ஒரு தரப்பு நூற்றுக்கணக்கான வழக்குகளை நடத்தும் வங்கி அல்லது காப்பீட்டு நிறுவனம். மறு தரப்பு வாழ்நாளில் ஒரு முறை நீதிமன்றம் வருபவர். நிறுவனம் ஒப்பந்தத்தைத் தானே எழுதுகிறது, பதிவுகளை வைத்திருக்கிறது. தோற்கும் வழக்கைச் சமரசம் செய்துகொண்டு, பின்னால் பயன்படும் தீர்ப்பு வரக்கூடிய வழக்கை மட்டும் கடைசிவரை நடத்துகிறது. தாமதத்தைத் தாங்கவும் அதனால் முடியும். யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்காமலே தராசு சாய்ந்துவிடுகிறது. இதைச் சரிசெய்யத் தனிமனிதர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போடுவது, இலவசச் சட்ட உதவி, தாமதத்துக்குச் செலவுத்தொகை விதிப்பது போன்றவை உதவும். நீதிபதிகளுக்கு நேர்மை வகுப்பு எடுப்பதால் இது மாறாது.

தண்டனைகள் ரொம்பக் குறைவு என்று ஏன் தோன்றுகிறது?

செய்தியில் ஏறுவது விசித்திரமான வழக்கு. 1980-களில் கனடாவில் ஆந்தனி டூப், ஜூலியன் ராபர்ட்ஸ் இருவரும் ஒரே வழக்கைச் சிலருக்குச் செய்தித்தாள் வடிவிலும் சிலருக்கு நீதிமன்ற ஆவணங்களின் சுருக்கமாகவும் கொடுத்தார்கள். ஆவணம் படித்தவர்களில் தண்டனை போதாது என்றவர்கள் குறைவு.

மனித நீதிபதிக்குப் பதில் மென்பொருள் இருந்தால் பாரபட்சம் போய்விடாதா?

மனிதரிடம் பலவீனம் உண்டு என்பது சரி. ஆனால் அதற்குக் காட்டப்படும் ஆதாரங்களைக் கவனமாகப் பாருங்கள். இஸ்ரேலின் பரோல் குழுக்களின் 1,112 முடிவுகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வு, உணவு இடைவேளைக்குப் பிறகு சாதகமான முடிவுகள் 65 விழுக்காடு, அடுத்த இடைவேளை நெருங்கும்போது ஏறக்குறைய பூஜ்யம் என்றது. பசித்த நீதிபதி என்ற கதை உலகம் சுற்றியது. பிறகு மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள்: வழக்குகள் வந்த வரிசை தற்செயலானது அல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகள் அமர்வின் கடைசியில் வந்தார்கள். பசி என்று நினைத்ததில் கணிசமான பங்கு வரிசையாக இருக்கலாம்.

மென்பொருளின் சிக்கல் வேறு. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்கும் கம்பாஸ் என்ற மென்பொருளை 2016-ல் புளோரிடா மாநிலத்தின் ஒரு மாவட்டத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். மறுபடி குற்றம் செய்யாதவர்களிலேயே "ஆபத்து அதிகம்" என்று முத்திரை விழுந்தவர்கள் கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காடு, வெள்ளையரில் 23.5. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள் என்று தயாரித்த நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு கணக்குகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். இரு குழுக்களில் மறுபடி குற்றம் செய்பவர்களின் விகிதமே வேறுபடும்போது இந்த இரண்டு நியாயங்களையும் ஒன்றாகத் தர முடியாது என்று கணிதமே காட்டுகிறது. எந்த நியாயம் வேண்டும் என்பதை மனிதர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதையும் வெளிப்படையாக.

மக்கள் நம்பிக்கையை அளக்கக் கருத்துக்கணிப்பு நடத்துகிறோம். எதில் தவறு வரும்?

"நீதிமன்றத்தை நம்புகிறீர்களா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்துவதில். அதற்கு வரும் பதில் அந்த வாரத்துச் செய்தியின் எதிரொலி. நேரில் வழக்கு நடத்தியவர்களையும் செய்தியில் மட்டும் அறிந்தவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். முடிவு, பேச வாய்ப்பு, மரியாதை, நடுநிலை நான்குக்கும் தனிக் கேள்வி வையுங்கள். வென்றாரா தோற்றாரா என்று குறித்துக்கொள்ளுங்கள், தோற்றவர்களின் பதிலைத் தனியே பாருங்கள். வாசலில் நீதிமன்ற ஊழியரே படிவத்தை நீட்டினால் யாரும் மனதில் உள்ளதை எழுத மாட்டார்கள்.

ஒரு தீர்ப்பு நியாயமா என்று வழக்கறிஞர் அல்லாதவர் எப்படிப் பார்ப்பது?

செய்தியை விட்டுவிட்டுத் தீர்ப்பையே எடுங்கள். முதலில் கடைசிப் பக்கத்தின் உத்தரவைப் படியுங்கள். பிறகு முன்னால் வந்து, எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை காணப்போவதாக நீதிமன்றம் சொல்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் எந்தச் சாட்சியம் ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, தள்ளக் காரணம் என்ன என்று எழுதுங்கள். காரணம் இல்லாமல் தள்ளப்பட்டதற்கு ஒரு வட்டம் போடுங்கள். தோற்ற தரப்பின் மிக வலுவான வாதம் எது என்று நீங்களே யோசித்து, அதற்கு அங்கே பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். பதில் இருந்தால், உங்களுக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும் வேலை நடந்திருக்கிறது. வட்டங்கள் நிறைய இருந்தால், முடிவு உங்களுக்குப் பிடித்ததாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள். மேல்முறையீட்டு வழக்கறிஞரும் அந்த வட்டங்களைத்தான் முதலில் தேடுவார்.